உடம்படுமெய்

செகெத் நகரப் பெரிய மருத்துவமனையின்
அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில்,
எனிகொவின் கணினிக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.
உலர்த்தி சுழலும்போதெல்லாம் மேசை நடுங்கும்.
காப்பிக் கோப்பையை அவள் தரையில்தான் வைப்பாள்.

மூன்று மாடி மேலே, பதினோராம் அறையில்
டிராம் ஓட்டுநர் வெந்தெல்.
இடுப்பு மூட்டு மாற்ற வந்தவர்.
சீழ் பிடிக்காமலிருக்க மருந்து கொடுத்தார்கள்;
அது நல்ல கிருமி கெட்ட கிருமி பார்க்காமல்
மொத்தமாக வழித்தெடுத்தது.
கட்டில் கம்பியிலோ கதவுப் பிடியிலோ
மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஒரு வித்து
ஆளில்லாத வீட்டைப் பார்த்துக் குடியேறியது.

தொழில் பழக்கம் விடவில்லை அவரை.
பழைய கால அட்டவணையின் பின்பக்கத்தில்
கழிப்பறை போன நேரத்தைக் குறிக்கிறார்:
1.10. 1.42. 2.05. 2.19.
"ராத்திரி வண்டி இத்தனை நடை போனதில்லை"
என்கிறார் தாதி பிரிஸ்காவிடம்,
சிரிப்பை முடிக்காமலே மறுபடி எழுகிறார்.
மூன்றாம் முறை வந்திருக்கிறது.

இதையெல்லாம் கவிதையில் எழுதலாமா என்று
கேட்காதீர்கள்.
காதலில் மெலிந்த கையிலிருந்து வளை நழுவினால்
ஈராயிரம் ஆண்டாக எழுதுகிறோம்.
இவருடைய கைக்கடிகாரம்
முழங்கை வரை போய்வருகிறது.

கீழே, திரையில், அதே கிருமி
வெறும் எழுத்தாகக் கிடக்கிறது.
புரதத்துக்கு இருபது எழுத்து,
நம் மெய்யெழுத்துக்கு மேலே இரண்டே இரண்டு.
நச்சுப் புரதத்தின் நெடும் வாக்கியத்தை
ஒன்பது ஒன்பது எழுத்தாக நறுக்கிப் பார்க்கிறாள் எனிகொ:
எதைக் காட்டினால் உடலின் காவல் முகம் மறக்காது,
எதில் நஞ்சின் சாயல் இருந்தும் நஞ்சு இல்லை.
தேறிய துண்டுகளை வரிசையில் நிறுத்தி
இடையிடையே சிறு இணைப்பு வைக்கிறாள்.
உயிரோடு உயிர் வந்து நின்றால்
நடுவில் நுழையும் யகரம் போல, வகரம் போல.
தனக்கென்று அதற்குப் பொருள் கிடையாது.
அது இல்லாமல் அவை முட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டாம் துண்டுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.
அதை நம்பித்தான் மற்றவை நின்றன.
கடைசிச் சோதனை: மனிதப் புரதங்களோடு ஒப்பிடு.
ஒன்பதில் எட்டு எழுத்து பொருந்தியது,
நம் குடல் சுவரிலேயே இருக்கும் ஒன்றோடு.
யாரைப் பார்த்து யார் எழுதியது?
கொஞ்ச நேரம் உலர்த்தியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
பிறகு அழித்தாள்.
மூன்று வாரம் ஒரு விரல் நுனியில் போனது.

ஹைப்போ நெடி முன்னே வர, பின்னால் வாளியோடு யோலான்.
கைக்குத் தடவும் சாராயப் பசைக்கு
இந்த வித்து மசியாது; இதற்குத்தான் சாகும்.
அதனால் யோலானின் விரல்கள் வெடித்திருந்தன.
"தடுப்பூசிதானே செய்கிறாய்?" என்றாள்,
"ஹைப்போவுக்கு ஒன்று போட்டுக் கொடேன்."
எனிகொ இழுப்பறையைத் துழாவி
பாதி தீர்ந்த களிம்பை நீட்டினாள்.
அன்றிரவு அவளிடமிருந்து வெளியே போன
ஒரே மருந்து அது.

விடியுமுன் வேறொரு துண்டு வைத்து முடித்தாள்.
முந்நூற்று எண்பத்தேழு எழுத்து.
மதிப்பெண் சுமார்.
கோப்பின் தலையில் தட்டச்சு செய்தாள்: பரிசோதிக்கப்படாதது.
இதற்கும் வெந்தெலின் புஜத்துக்கும் நடுவே
எலிகள், கையெழுத்துகள், பணம்,
எத்தனை ஆண்டு என்று தெரியாத ஆண்டுகள்.

மேலே அட்டவணையில்
3.30. 4.55. அதற்குப் பின் எதுவும் இல்லை.
பிரிஸ்கா ஓடிப்போய்த் திறந்தாள்.
தூங்கிக்கொண்டிருந்தார்,
வாய் திறந்தபடி, பென்சில் மார்பின் மேல்.
வெளியே முதல் டிராம், வேறு யாரோ ஓட்ட,
வளைவில் கிரீச்சிட்டுத் திரும்பியது. அவர் அசையவில்லை.

அவள் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள்.
பிறகு தாளையும் பென்சிலையும்
கையுறையோடு எடுத்து
எரிக்கப் போகும் பையில் போட்டாள்.